கோட்டை மான்களும் இரண்டு சட்டங்களும்

திருக்கோணமலைக்குப் புதிதாக வருவோர் முதலில் வியப்பது மான்களைக் கண்டுதான். பிரட்ரிக் கோட்டை வாசலிலும் கடற்கரையை அண்டிய வீதிகளிலும் புள்ளிமான்கள் ஊர் மாடுகளைப் போலத் திரிகின்றன. அவை ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டவை என்பது ஊர் வழக்கு. கோணேசர் ஆலயத்தை இடித்த போர்த்துக்கேயர் எழுப்பிய இக்கோட்டை, ஒல்லாந்தர் கைக்கு மாறி, 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று; 1803இல் இப்பெயரைப் பெற்றது. இன்று அங்கே இராணுவ முகாம் உள்ளது. கோயிலுக்குச் செல்லும் வழியும் அதனூடாகவே. சிப்பாய்களையும் அடியார்களையும் பார்த்துப் பழகிய மான்களுக்கு மனிதரிடம் அச்சம் அற்றுப்போயிற்று. வாகனங்களிடமும் அப்படித்தான்.

இரவில் ஒரு மான் அடிபட்டு, பின்னங்கால்கள் செயலிழந்து வீதியோரம் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்திரிகைக்கு அது ஒற்றைப் பத்திச் செய்தி, அதுவும் இடமிருந்தால். கூடி நிற்பவர்களுக்கோ அது பெரிய வழக்கு. ஒருவர் தண்ணீர் கொடு என்பார். மற்றொருவர் முச்சக்கரவண்டியில் ஏற்று என்பார். இன்னொருவர் துடிக்க விடாதே, முடித்துவிடு என்பார். நான்காமவர் எதுவும் பேசமாட்டார். அவர் இறைச்சியை நினைத்துக்கொண்டிருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் சரித்திரம் குறுக்கிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காட்டுவிலங்குகள் துப்பாக்கிக்கு இலக்கு மட்டுமே. யானையைக் கொன்றவருக்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கோரப்பட்டதாக, அக்காலக் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் எழுதிவைத்தார். இந்தச் சூறையாடலால் இனி வேட்டைக்கே விலங்கு மிஞ்சாது என்று வேட்டைக்காரர்கள் அஞ்சியதன் விளைவாகவே 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. பின்னர் வந்ததே 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். வனஜீவராசிகள் திணைக்களம் 1949இல் அமைந்தது.

இதற்கு முன்பே, 1907இல், விலங்குவதைத் தடைச் சட்டம் ஒன்று இருந்தது. ஆனால் அதன் வரைவிலக்கணத்தில் விலங்கு என்பது வீட்டு விலங்கு, அல்லது பிடிக்கப்பட்ட விலங்கு. வண்டி மாட்டின் வலியைச் சட்டம் அறிந்தது. கோட்டை மானின் வலியை அது அறியவில்லை. ஒரு சட்டம் மானின் உயிரைக் காத்தது, மற்றது வலியைப் பற்றிப் பேசியது. வீதியோர மான் இரண்டுக்கும் இடையில் விழுந்து கிடக்கிறது.

ஆயினும், துடிக்கும் மானைக் கொல்ல வழிப்போக்கருக்கு உரிமை வேண்டும் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. இரக்கத்தால் கத்தி எடுத்தவரையும் இறைச்சிக்காக எடுத்தவரையும் விடிந்த பின் எந்த நீதவானால் பிரித்தறிய முடியும்? கழுத்து அறுபட்ட மான் இரண்டிலும் ஒன்றுதான். அந்த வாசலைத் திறந்தால் வேண்டுமென்றே மோதும் வாகனங்களும் வரும்.

தூக்கிச் செல்வதும் உதவியன்று. மான் இனம் மிரட்சியாலேயே சாகும். பிடித்து அமுக்கும்போது தசைகள் சிதைந்து, காயம் ஆறக்கூடியதாயினும், சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ இறந்துவிடலாம். மிருக வைத்தியர்கள் நன்கறிந்த உண்மை இது. வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் இறங்கும். செய்யத்தக்கவை சிலவே: வாகனங்களை மெதுவாக்குதல், நாய்களை விரட்டுதல், கூட்டத்தையும் கைபேசி வெளிச்சத்தையும் அகற்றுதல், கொம்புக்கும் குளம்புக்கும் எட்டாமல் நின்று முடியுமானால் கண்களைத் துணியால் மூடுதல், திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்தை அழைத்தல்.

பிழைக்குமா, ஊசியால் உறங்க வைப்பதா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். 2025 பெப்ரவரி 20 அன்று, திருக்கோணமலைப் பாதை பிரியும் கல்லோயாவுக்கு அருகே புகையிரதம் மோதி ஆறு யானைகள் இறந்தபோது, காயமுற்ற இரண்டுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. யானைக்கு நாடே திரும்பிப் பார்த்தது. கோட்டை வாசல் மானுக்கு நள்ளிரவில் ஒரு வைத்தியர் எத்தனை மணி நேரத்தில் வந்து சேர்வார் என்பதை மாவட்டச் செயலகமும் திணைக்களமும் நகரத்தாருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.