மேசையின் வயதும் நம் வரலாறும்

மெர்சிங் வட்டாரத்தில் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோன குடும்பங்கள் பல. லாரியில் சாமான் ஏற்றும் நாளில் பெரும்பாலும் பின்தங்கிவிடுவது பழைய மேசைதான். கால் ஆடுகிறது, நிறம் மங்கிவிட்டது, புது வீட்டுக்கு இது எதற்கு என்று வாசலிலேயே விட்டுவிடுகிறோம். பழம்பொருள் வாங்குகிறவர் ஒருவர் வந்து சில வெள்ளியைக் கையில் கொடுத்துவிட்டு அதை எடுத்துப் போகிறார். பிறகு அது பட்டணத்துக் கடையில் மெருகேறி, பல மடங்கு விலைச்சீட்டோடு நிற்கிறது. இன்னொரு பக்கம், புது மேசையைப் பழையது என்று நம்பிப் பெருவிலை கொடுப்பவர்களும் நம்மிடையே உண்டு. அப்படி ஏமாந்தவர்களில் நாமும் ஒருவர். அந்தக் கதையைப் பின்னால் சொல்வோம்.

பழைய மேசையை விற்பதானாலும் வாங்குவதானாலும் வைத்துக்கொள்வதானாலும், முதலில் அதன் வரலாறு தெரிய வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

மேசை நம் வீட்டில் பிறந்த பொருளன்று. தரையில் பாய் விரித்து அமர்ந்து, இலை போட்டு உண்டவர்கள் நாம். மணை, பலகை, முக்காலி, கட்டில் ஆகியவையே நம் முன்னோர் அறிந்த மரச்சாமான்கள். மேசை என்ற சொல்லே போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. அவர்கள் மொழியில் அது ‘மேசா’. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தனர். அவர்களோடு வந்த அந்தச் சொல் தமிழில் ‘மேசை’ என்றும் மலாயில் ‘மேஜா’ என்றும் நிலைத்தது. அலமாரி, சன்னல், சாவி ஆகியவையும் அப்படி வந்த சொற்களே.

நாம் ‘டீப்பாய்’ என்று சொல்லும் சிறு மேசைக்கும் நாம் குடிக்கும் தேநீருக்கும் தொடர்பு இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது மூன்று கால் என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொல். ஆங்கிலேயர் வாயில் அது உருமாறித் திரும்பவும் நம்மிடம் வந்தது. முக்காலி என்ற நம் சொல்லுக்கும் அதே பொருள்தானே!

சரி, தமிழர் மேசையோடு பழகியது எப்படி? இந்நாட்டில் அதற்கு இரு வழிகள் இருந்தன.

முதலாவது, செட்டியார்களின் கிட்டங்கி. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கு நகரிலும் நகரத்தார் வட்டித்தொழில் செய்த நீண்ட கூடங்களுக்குக் கிட்டங்கி என்று பெயர். அங்கே நாற்காலி கிடையாது. ஒவ்வொருவரும் தரையில் பாயிட்டு அமர்ந்து, முன்னால் ஒரு தாழ்ந்த சாய்வு மேசையையும் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியையும் வைத்திருப்பார். கணக்கு எழுதுவதும் பணம் எண்ணுவதும் அதன்மேல்தான். நம் தரைப் பழக்கமும் ஐரோப்பிய மேசையும் கலந்து உண்டான பொருள் அது எனலாம். மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் 1970களின் இறுதியில் நகரச் சீரமைப்புக்காக இடிக்கப்பட்டன. அத்தகைய சாய்வு மேசைகள் இன்று பழம்பொருள் சேர்ப்போர் தேடும் பொருளாகிவிட்டன.

இரண்டாவது, தோட்டத்துச் சம்பள மேசை. சம்பள நாளன்று ஆபீஸ் திண்ணையில் அதைப் போடுவார்கள். மேசைக்கு அப்பால் துரையும் கிராணியாரும் உட்கார்ந்திருப்பார்கள். இப்பால் நம் தாத்தாவும் பாட்டியும் வரிசையில் நிற்பார்கள். செக்ரோலில் பெயர் வாசித்ததும் முன்னே போய், பெருவிரல் ரேகை வைத்து, பணத்தை வாங்கிக்கொண்டு நகர வேண்டும். பல ஆண்டுகள் மேசை என்பது நம்மவர் எதிரில் நின்ற பொருளே தவிர, உட்கார்ந்து பயன்படுத்திய பொருளன்று. லயத்து வீட்டுக்குள் பிள்ளை எழுத ஒரு மேசை வந்த நாள் சிறிய நாளன்று, நேயர்களே. பெட்டிப் பலகையை ஆணியடித்துச் செய்த மேசையானாலும், அது அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் ஒரு படி.

இனி, எது பழம்பொருள்? பொதுவாக நூறு ஆண்டு கடந்ததையே உலகம் பழம்பொருள் என்று ஒப்புக்கொள்கிறது. அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1966 முதல் இந்த அளவைக் கொண்டது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் கைவினைப் பொருள்களுக்கு நூறு ஆண்டு என்றே வகுத்தது. அதற்கு உட்பட்டு, நாற்பது ஐம்பது ஆண்டு கடந்தவற்றைப் பழமை நயமுள்ள பொருள் என்று சொல்லலாம். நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இவ்வகையே.

அவற்றில் மூன்றைச் சொல்வோம். ஒன்று, பழைய காப்பிக்கடையின் சலவைக்கல் மேசை. மரக்காலின்மேல் வட்டக் கல் பதித்தது. அதனோடு போடும் வளைமர நாற்காலியின் மூலவடிவத்தை வியன்னாவில் மைக்கேல் தோனெட் என்பவர் 1859இல் வெளியிட்டார். இரண்டு, மேலே வழவழப்பான ஃபோர்மைக்காத் தகடு ஒட்டிய சாப்பாட்டு மேசை. அத்தகடு அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது; 1950களிலும் 1960களிலும் வீடுகளில் பரவியது. மூன்று, சிங்கர் தையல் மெசினின் இரும்புக்கால் மேசை. 1850களிலேயே தவணைமுறையில் மெசின் விற்கத் தொடங்கிய நிறுவனம் அது. தையல் மெசினின் உடலில் ஓர் எண் பொறித்திருக்கும். அதைக்கொண்டு மெசின் செய்யப்பட்ட ஆண்டை அறியலாம். ஆகவே மெசினை எடுத்து எறிந்துவிட்டு மேசையை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அதன் பிறப்புச் சான்றிதழைக் கிழிப்பதற்கு ஒப்பாகும் அது.

இப்போது நாம் ஏமாந்த கதைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், பள்ளியின் வாசிப்பறைக்கு ஒரு வட்ட மேசை வாங்கினோம். துரை பங்களாவிலிருந்து வந்தது, நூறு வயது என்றார் விற்றவர். கருஞ்சிவப்பு நிறம், கடைந்த கால்கள், பார்க்க அழகாகவே இருந்தது. பெற்றோர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.

ஒரு நாள் பேரனை அழைத்துப்போக வந்த பெரியவர் ஒருவர் அந்த மேசைமேல் கையை ஊன்றி நின்றார். பிறகு குனிந்து அடிப்பக்கத்தைத் தடவினார், நகத்தால் சுரண்டினார்.

“வாத்தியாரய்யா, இது நம்ம பால்மரமுங்க. நாப்பது வருசம் சீவுன மரம் எனக்குத் தெரியாதா?” என்றார்.

மேசையைக் கவிழ்த்துப் பார்த்தோம். சாயம் படாத மூலைகளில் மரம் வெளிர்மஞ்சளாக இருந்தது. பெரியவர் சொன்னது சரிதான்.

அது ஏன் நூறு வயது மேசையாக இருக்க முடியாது? 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அவற்றிலிருந்து வளர்ந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அன்று முதல் பல பத்தாண்டுகள் அந்த மரம் பாலுக்காக மட்டுமே வளர்க்கப்பட்டது. அதன் பலகையில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாரிக்கும், துளைவண்டு அரிக்கும். எனவே பால் வற்றிய மரம் அடுப்புக்கும் நெருப்புக்குமே போயிற்று. போரான் மருந்தைப் பலகைக்குள் செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை நடைமுறைக்கு வந்தபிறகே, 1970களின் இறுதியிலும் 1980களிலும் ரப்பர் மரம் மேசை நாற்காலியாயிற்று. நம் ஜொகூரின் மூவார் நகரம் தளவாடத் தொழிலில் பெயர்பெற்றதற்கு இம்மரமும் ஒரு காரணம். ஆகவே ரப்பர் மரத்தில் செய்த மேசையை நூறு வயது என்று ஒருவர் சொன்னால் அது பொய். இதைக் கண்டுபிடிக்கப் பட்டணத்து நிபுணர் வேண்டியதில்லை. பால்மரம் சீவிய கையே போதும்.

வேறு சில சோதனைகளும் உண்டு. மேசையை எப்போதும் கவிழ்த்துப் பாருங்கள். மேற்பலகையை எவரும் மெருகேற்றலாம். அடிப்பக்கம்தான் உண்மை பேசும். பழைய மரம் காற்றுப் பட்ட இடத்தில் கறுத்தும், மூடியிருந்த இடத்தில் வெளுத்தும் இருக்கும். எங்கும் ஒரே நிறமென்றால் சாயம் பூசியது என்று ஐயுறலாம். இழுப்பறையை வெளியே எடுங்கள். மூலைகளில் புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருந்து, அவை அளவில் சற்றே மாறியிருந்தால் கைவேலை. அச்சடித்தாற்போல் ஒரே அளவாக இருந்தால் யந்திர வேலை. திருகாணியையும் பாருங்கள். கூட்டல் குறி வெட்டிய தலையுள்ள திருகாணிக்கு 1936இல்தான் காப்புரிமை கிடைத்தது. தொடக்கம் முதல் மேசையில் இருந்த ஆணி அதுவானால் மேசை அதற்கு மூத்ததன்று. வட்ட மேசையானால் அளவுநாடாவைக் குறுக்கிலும் நெடுக்கிலும் பிடியுங்கள். மரம் நார்ப்போக்கில் அவ்வளவாகச் சுருங்காது; குறுக்கில் சுருங்கும். எனவே மிகப் பழைய வட்டம் சிறிதளவு நீள்வட்டமாகியிருக்கும்.

வீட்டுக்கு வாங்கும்போது வயதைவிட உறுதியே முதலில். நான்கு மூலையிலும் கையை அழுத்தி ஆட்டிப் பாருங்கள். கழுந்து தளர்ந்திருந்தால் தச்சர் சரிசெய்துவிடுவார். ஆனால் கால் உளுத்திருந்தால் வாங்க வேண்டாம். சிறு துளைகளிலிருந்து புதுத்தூள் உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். அது வீட்டிலுள்ள மற்ற மரங்களுக்கும் பரவும். உயரம் ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் இருந்தால் பெரியவர்கள் எழுதவும் உண்ணவும் ஏற்றது. வீட்டு வாசலின் அகலத்தையும் முன்னதாகவே அளந்துகொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூளைப் பறக்கவிடுவது தீங்கு. அன்றியும், பழைய மெருகைச் சுரண்டிப் புது வார்னிஷ் அடித்தால் அதன் வயதுக்குரிய சான்றும் விலையும் சேர்ந்தே போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். நம் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. அக்காலத்தில் ஈரச்சுவரை ஒட்டி வைக்காமல், கால்களுக்கடியில் சிறு கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.

வாசிப்பறை மேசை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெற்றோர் கூட்டத்தில் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். வெட்கமாகத்தான் இருந்தது. விற்றவரைத் தேடிப் போனோம். அவர் இடத்தைக் காலி செய்திருந்தார். மேசையை நாம் எறியவில்லை. பொய்யாக இருந்தது அதன் வயதும் விலையுமே தவிர மேசையன்று. இன்றும் ஆறேழு பிள்ளைகள் அதைச் சுற்றி அமர்ந்து படிக்கிறார்கள். ஆண்டுக்கொருமுறை அதைக் கவிழ்த்து வைத்து, மரத்தின் கதையை அந்தப் பெரியவரைக்கொண்டே சொல்ல வைக்கிறோம்.

ஆகவே நேயர்களே, வீடு மாறும்போது வாசலில் வந்து நிற்பவருக்கு அவசரப்பட்டு எதையும் கொடுத்துவிடாதீர்கள். அந்த மேசை யார் வாங்கியது, எந்த ஆண்டு வந்தது, எந்தப் பிள்ளை அதில் படித்தது என்று வீட்டு மூத்தவர்களைக் கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதி, இழுப்பறையின் அடியில் ஒட்டிவையுங்கள். விற்பதானால் அந்தத் தாளோடு இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு விற்கலாம். வைத்துக்கொள்வதானால், சம்பள மேசைக்கு இப்பால் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் அதில் உட்கார்ந்து எழுதட்டும்.