ரோம்ல ஒரு கத்தல், ரெண்டு போப்

புது போப் அறிவிச்சதும் சதுக்கத்துல கைதட்டல், கண்ணீர், கொடி. டிவில நாம பார்த்தது இதான். 1378 ஏப்ரல்ல ரோம்ல நடந்தது வேற ரகம்.

கிட்டத்தட்ட 70 வருஷம் போப்கள் அவின்யோன்ல இருந்தாங்க. அங்கிருந்து ரோமுக்குத் திரும்பின பதினோராம் கிரகோரி மார்ச்ல இறந்துட்டார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க உள்ள போன கர்தினால்கள் 16 பேர், அதுல 11 பேர் பிரெஞ்சுக்காரங்க. வெளியே ஜனங்க ஒரே கத்தல்: ரோமன் வேணும், இல்லேன்னா இத்தாலியனாவது வேணும். (போப் ஊர்ல இல்லேன்னா ரோமோட பிழைப்பும் போச்சு. வெறும் பக்தின்னு எடுத்துக்காதீங்க.)

ஏப்ரல் 8 அன்னைக்கு பாரி நகரப் பேராயர் பிரிஞானோவைத் தேர்ந்தெடுத்தாங்க. இத்தாலியன்தான், ஆனா நேப்பிள்ஸ்காரர். விஷயம் தெளிவா வெளியே போகறதுக்குள்ள கூட்டம் கதவை உடைச்சுக்கிட்டு புகுந்துடுச்சு. பயந்துபோன கர்தினால்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? ரோமைச் சேர்ந்த வயசான கர்தினால் தெபால்தெஸ்கிக்கு போப் உடையை மாட்டி உட்கார வெச்சுட்டு நழுவிட்டாங்க! பாவம் மனுஷன், ‘நான் போப் இல்ல’ன்னு மறுத்துக்கிட்டே இருந்தார்.

பிரிஞானோ ஆறாம் உர்பன் ஆனார். கர்தினால்களும் ஏத்துக்கிட்டாங்க. அப்புறம் அவர் இவங்க ஆடம்பரத்தை முகத்துக்கு நேரா திட்ட ஆரம்பிச்சார். ஆகஸ்ட்ல பிரெஞ்சு கர்தினால்களுக்கு திடீர்னு ஞாபகம் வந்துச்சு: பயத்துல போட்ட ஓட்டு, செல்லாது. நாலு மாசம் கழிச்சு ரோல்பேக்! பயம் நிஜம்தான், ஆனா இவ்ளோ லேட்டா வந்த அந்த வாதம் எனக்கு ஒட்டல. செப்டம்பர் 20, ஏழாம் கிளமெண்ட்னு இன்னொரு போப். பிரான்ஸ் அவர் பக்கம், இங்கிலாந்து உர்பன் பக்கம். இந்தப் பிளவு முடிஞ்சு, திரும்ப ஒரே போப் வர 1417 ஆச்சு.