மெய்யும் மெய்நிகரும்: செஞ்சிக் கோட்டை எழுப்பும் வினா

செஞ்சியின் இராசகிரிக் குன்றில் ஏறுவோர் அதன் எண்ணூறு அடி உயரத்தைத் தம் கால்களாலேயே அளந்தறிகின்றனர். பாதி வழியில் மூச்சு வாங்குகிறது. பாறையின் வெம்மை முகத்தில் அடிக்கிறது. முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை இக்கோட்டையை முற்றுகையிட்டுத் தவித்தது ஏன் என்பதை, ஏடுகளைவிடத் தெளிவாக அந்த மூச்சு உணர்த்திவிடுகிறது. இன்றோ கண்களின்மீது ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே கோட்டை கொத்தளங்களைச் சுற்றி வரும் காலம். "அப்படியானால் மலையேறுவானேன், ஹஜ்ரத்?" என்று மாணவர் ஒருவர் நம்மிடம் வினவினார். எளிதில் தள்ளிவிடக்கூடிய வினா அன்று அது.

இக்கலையைத் தமிழில் 'மெய்நிகர்' என்கின்றனர். மெய் என்பது உண்மையையும் குறிக்கும், உடலையும் குறிக்கும். இக்கருவியின் உலகில் கண்ணும் செவியும் செல்கின்றன, மெய் செல்வதில்லை. அரபியர் இதனை 'அல்வாகிஉல் இஃப்திராளீ' என்பர். இஃப்திராள் என்பது இருப்பதாக வைத்துக்கொள்ளுதல். வைத்துக்கொண்டது எது, உள்ளது எது என்ற எல்லை அழியாதவரை அதில் தவறில்லை.

கண் ஏமாறும் என்பது புதிய செய்தியன்று. நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் கூறுகிறது. சிறிது நேரங்கழித்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கிறது. இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் 'அல்முன்கித்' நூலில் இதனை எடுத்துக்காட்டிப் புலனறிவை ஆராய்ந்தார்கள். தலையில் அணியும் காட்சிக் கருவியை அமெரிக்கரான ஐவன் சதர்லண்ட் 1968-இல் உருவாக்கினார். விரும்பிய அனுபவத்தையெல்லாம் தரும் பொறி ஒன்று இருந்தால் அதனுள் வாழ்நாளைக் கழிக்கச் சம்மதிப்போமா என்று ராபர்ட் நோசிக் 1974-இல் கேட்டார்; செய்வதாக உணர்வது மட்டும் போதாது, உண்மையில் செய்யவும் வேண்டும் என்பதே மனிதனின் வேட்கை என்றார். மெய்நிகர் உலகும் ஒருவகை உண்மையே என்று 2022-இல் வாதிட்டார் டேவிட் சால்மர்ஸ். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

நம் கவலை செஞ்சியைப் பற்றியது. முகலாயப் பேரரசின் கீழ் இக்கோட்டைக்குப் பொறுப்பேற்ற சொரூப்சிங்கின் மைந்தர் தேஜ்சிங்கையே தமிழ் மக்கள் தேசிங்குராசன் எனப் பாடுகின்றனர். ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கானுடன் எழுந்த திறைப் பாக்கிச் சச்சரவு போராக மூண்டு, 1714-இல் அவர் களத்தில் வீழ்ந்தார். அவருடைய உயிர்த்தோழர் மகபத்கான் மணப்பந்தலிலிருந்தே போருக்குப் புறப்பட்டு, அவருக்காக உயிர் நீத்ததாகக் கதைப்பாடல் கூறுகிறது. கோட்டையினுள் 1717-18-இல் எழுந்த சஆதத்துல்லா கான் பள்ளிவாசல் வென்றவரின் நினைவு. தோற்றவரின் நினைவு மக்களின் நாவில் நிற்கிறது.

இப்போரை மெய்நிகர்க் காட்சியாக்க ஒருவர் முற்படுகிறார் என வைத்துக்கொள்வோம். மகபத்கானை விட்டுவிட்டு, கொடிகளின் நிறத்தைச் சற்றே மாற்றினால் போதும். திறைக்காக மூண்ட போர் பத்தே நிமிடங்களில் மதப்போராகிவிடும். கதைப்பாடலைக் கேட்பவர் தாம் கேட்பது பாட்டு என்பதை அறிவார். ஏட்டைப் படிப்பவர் மறுத்துரைப்பார். கருவியை அணிந்தவரோ, "நான் அங்கே நின்றேன், கண்ணாலேயே கண்டேன்" என்பார். கேட்டவர் ஐயுறுவார்; கண்டவர் சாட்சி சொல்வார். அறியாமலே ஒருவரைப் பொய்ச்சாட்சியாக்குவது சிறு பிழையாகுமா?

இதற்கு மருந்தும் உண்டு. பண்டைச் சின்னங்களைக் கணினியால் புனைவோருக்கென 2006-இல் லண்டன் சாசனம் வகுக்கப்பட்டது. இன்று உள்ளது எது, சான்றுகொண்டு மீட்டது எது, ஊகித்தது எது என்பதைக் காண்போர் அறியச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இது பழகிய நெறி. அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்னும் இஸ்னாத் இன்றி எச்செய்தியையும் அவர்கள் ஏற்பதில்லை. வலுவானதையும் பலவீனமானதையும் ஒரே தட்டில் வைப்பதுமில்லை. காட்சிக்கும் இஸ்னாத் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. செஞ்சி வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் சில பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுவைக்குச் சென்று, கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கின்றன. மெய்நிகர்க் கோயிலில் அவற்றை மீண்டும் நாட்டலாம். ஆனால் அவை பெயர்க்கப்பட்ட வரலாற்றையும் உடன் சொல்ல வேண்டும். இன்றேல், இழப்பை மறைத்தவர்களாவோம்.

கருவியை நாம் வெறுக்கவில்லை. முதியோர்க்கும் நடக்கவியலாதோர்க்கும் இராசகிரியின் உச்சியை அது காட்டுமானால் நன்றே. 2025 ஜூலையில் செஞ்சி உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்துள்ளது. இத்தகைய காட்சிகளை நாடுவோர் இனிப் பெருகவும் கூடும். எனவேதான் இப்போதே இதனைச் சொல்கிறோம்.

அம்மாணவரிடம் நாம் கூறிய விடை இதுதான்: "கருவியில் பாருங்கள், தம்பி. பார்த்ததை யார் சொன்னார் என்று கேளுங்கள். கால் உள்ளவரை மலையும் ஏறுங்கள்."