நோயாளியின் இரகசியம் கைமாறிய வரலாறு

வைத்தியரிடமும் வக்கீலிடமும் எதையும் மறைக்கலாகாது என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அவ்வாறு மறைக்காமல் சொல்லப்பட்டதைக் கேட்டவர் வேறொருவர் காதில் போடலாகாது என்பது அந்த அறிவுரையின் மறுபாதி. கிரேக்க தேசத்து ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்கும் பிரமாணத்தில் அந்த மறுபாதி இருக்கிறது. 1847-ஆம் ஆண்டில் தோன்றிய அமெரிக்க மருத்துவச் சங்கம் முதன்முதலில் வகுத்த ஒழுக்க விதிகளிலும் இருக்கிறது. இவை யாவும் வைத்தியரும் நோயாளியும் மட்டுமே எதிரெதிரே அமர்ந்திருக்கும் ஓர் அறையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அந்த அறைக்குள் மூன்றாமவர் எப்படி நுழைந்தார், அவருக்குப் பின்னே நான்காமவரும் ஐந்தாமவரும் எவ்வாறு வந்து சேர்ந்தார்கள், அவர்கள் கையிலிருந்து இரகசியம் நழுவியபோது நோயாளிக்கு என்ன கதி நேர்ந்தது என்பவற்றை அமெரிக்காவின் அநுபவத்தில் படிப்படியாகக் காணலாம்.

முதலில் காகிதம் வந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரையில் ஒவ்வொரு வைத்தியரும் தமக்கென ஒரு பேரேடு வைத்திருந்தார்; ஒரே நோயாளி மூன்று வைத்தியர்களைக் கண்டால் அவருடைய கதை மூன்று பேரேடுகளில் துண்டு துண்டாகக் கிடந்தது. மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரில், மேயோ மருத்துவமனையின் ஹென்றி பிளம்மர் என்ற வைத்தியர் 1907-இல் இதை மாற்றினார். நோயாளிக்கு ஓர் எண், அந்த எண்ணுக்கு ஒரு கோப்பு, யார் பார்த்தாலும் எழுதியது அந்தக் கோப்புக்குள் என்று அவர் வகுத்த முறையே இன்றைய மருத்துவமனைப் பதிவேடுகளுக்கு முன்னோடி. வைத்திய சாஸ்திரத்திற்கு அது செய்த உபகாரம் மிகப் பெரிது. ஆயினும், சிதறிக் கிடந்த வரையில் எவராலும் முழுமையாகக் களவாட முடியாதிருந்த ஒரு வாழ்க்கை, அன்றுமுதல் ஒரே உறைக்குள் அடங்கிவிட்டது என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

காகிதத்தைத் தொடர்ந்து கணக்கு வந்தது. காப்புறுதி நிறுவனங்கள் பெருகி, 1965-இல் முதியோருக்கான மெடிகேர் திட்டமும் சட்டமாகிவிடவே, ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு விண்ணப்பம், ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் ஒரு நோய்க்குறியீடு என்ற நிலை ஏற்பட்டது. நோயைப் பார்ப்பதா, காகிதத்தைப் பார்ப்பதா என்று திணறிய மருத்துவமனைகள், தட்டெழுதுவதையும், பில் போடுவதையும், பாக்கி வசூலிப்பதையும் வெளியாருக்குக் குத்தகையாக விட்டன.

அவ்வாறு வெளியே போன வேலைகளுள் நம்மவர்க்கு நெருங்கியது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்க வைத்தியர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் தம் குறிப்பை வாயால் சொல்லிப் பதிவு செய்வார். அந்த ஒலிப்பதிவு இணையத்தின் வழியே கடல் தாண்டி வரும். தொண்ணூறுகளின் இறுதியிலும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் சென்னையில் எத்தனையோ மாடி அறைகளில், காதில் ஹெட்ஃபோனும் காலடியில் பெடலுமாக இளம் பட்டதாரிகள் இரவெல்லாம் அமர்ந்து, பெடலை அழுத்தி ஓடவிட்டும் விட்டு நிறுத்தியும், விளங்காத சொல்லுக்கு மீண்டும் மீண்டும் பின்னோக்கிப் போயும், வைத்தியர் சொன்னதை விடியுமுன் எழுத்தாக்கினார்கள். அறுபத்தைந்து எழுத்துகள் ஒரு வரி. வரிக்கு இவ்வளவு என்று கூலி. கடல் கடந்த ஊரில் ஒரு பெண்ணின் கருச்சிதைவும், ஒரு முதியவரின் மனநோயும் அந்த வரிகளுக்குள் இருந்தன. எழுதியவர்களுள் மிகப் பெரும்பாலோர் அந்த இரகசியத்தைத் தம் வீட்டு இரகசியம்போல் காத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது அந்தத் தொழிலுக்கு நாம் செய்யும் அநீதியாகும்.

குறை எழுதிய கைகளில் இல்லை. கைகளை அடுக்கிய ஏற்பாட்டில் இருந்தது. 2003 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் கராச்சியிலிருந்த ஒரு பெண்மணி. தமக்குச் சேரவேண்டிய கூலி வந்து சேராவிட்டால் தம்மிடமுள்ள நோயாளிக் குறிப்புகளை இணையத்தில் வெளியிடுவதாகச் சொல்லி, மெய்யென்று காட்ட உண்மையான நோயாளிகளின் குறிப்புகளையும் அவர் இணைத்திருந்தார். மருத்துவ மையமோ அவர் பெயரைக் கேட்டதே இல்லை. அது வேலையைக் கொடுத்தது சாஸலிட்டோ என்ற அடுத்த ஊரிலிருந்த ஒரு நிறுவனத்திற்கு. அந்த நிறுவனம் ஃபுளோரிடாவிலிருந்த ஒருவருக்குக் கொடுத்தது. அவர் டெக்ஸாஸிலிருந்த மற்றொருவருக்குக் கொடுத்தார். அங்கிருந்து அது கராச்சி போயிற்று. கைமாறிய ஒவ்வோர் இடத்திலும் வரிக்கூலியில் ஒரு பகுதி குறைந்துகொண்டே வந்து, உண்மையில் வேலை செய்தவருக்குக் கடைசித் துளியும் கிட்டாமற் போனதுதான் அந்த மிரட்டலின் காரணம். பணத்தில் ஒரு பகுதி கிடைத்ததும் அவர் மிரட்டலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த மிரட்டலை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, இடையிலிருந்த மூவரையும், வேலையைக் கொடுத்துவிட்டு அது எங்கே போயிற்று என்று கேளாதிருந்த மருத்துவ மையத்தையும் விட்டுவிடுவது தர்மமாகாது.

அந்த ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதிதான் ஹிப்பா என்ற 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தரங்க விதிகள் நடைமுறைக்கு வந்திருந்தன. அவ்விதிகளின்படி மருத்துவமனை அரசாங்கத்துக்குப் பொறுப்பு. மருத்துவமனையிடம் வேலை ஏற்ற வெளியாரோ, மருத்துவமனையோடு செய்த ஒப்பந்தத்துக்கு மட்டுமே பொறுப்பு. இந்த ஓட்டையை 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அடைக்க முற்பட்டு, தரவு களவுபோனால் அறுபது நாளுக்குள் நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டுமென்றும் விதித்தது. வெளியாரையும், அவர்களிடம் உள்குத்தகை எடுத்தவர்களையும் நேரடியாகப் பொறுப்பாளிகளாக்கும் முழு விதிகள் 2013-இல் வந்தன.

சட்டம் வந்தபின் நிலைமை எவ்வாறு இருந்தது என்பதற்கு 2019-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்றே போதும். குவெஸ்ட், லேப்கார்ப் ஆகிய பெரும் பரிசோதனைக்கூடங்களின் பாக்கிகளை வசூலித்துக் கொடுத்த, ஏ.எம்.சி.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட நிறுவனம் நியூயார்க் மாநிலத்தில் இருந்தது. அதன் கணினிக்குள் 2018 ஆகஸ்டிலிருந்து 2019 மார்ச் வரையில் யாரோ புகுந்திருந்தார்கள். சமூகப் பாதுகாப்பு எண், வங்கி அட்டை விவரம், சிலர் விஷயத்தில் செய்துகொண்ட பரிசோதனையின் பெயர் ஆகியவை வெளியாகும் நிலைக்கு வந்தன. குவெஸ்ட் அறிவித்தது சுமார் 1.19 கோடிப் பேர். லேப்கார்ப் அறிவித்தது சுமார் 77 லட்சம் பேர். இரத்தம் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய அவர்களுள் எத்தனை பேர் அந்த வசூல் நிறுவனத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்! எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கடிதம் அனுப்ப மட்டுமே 38 லட்சம் டாலர் செலவாயிற்று என்று சொல்லி, அந்த ஆண்டு ஜூன் மாதமே அதன் தாய் நிறுவனம் திவால் மனுக் கொடுத்தது. 2021-இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர்கள் அதனோடு செய்துகொண்ட சமரசத்தில் 2.1 கோடி டாலர் தண்டம் குறிக்கப்பட்டது. ஆனால் அந்நிறுவனத்தின் வறுமையை முன்னிட்டு அத்தொகை வசூலிக்கப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டது. கோடிக்கணக்கானோரின் தரவை வைத்துக்கொள்ள அதற்குத் திராணி இருந்தது. அதற்கு ஈடு கொடுக்க மட்டும் திராணி இல்லை.

அதற்குப் பின் வந்தவை அளவில் இன்னும் பெரியவை. 2023-இல் நெவாடாவைச் சேர்ந்த ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் நிறுவனத்திலிருந்து சுமார் தொண்ணூறு லட்சம் பேரின் குறிப்புகள் களவுபோயின. 2024 பிப்ரவரியில், மருத்துவ பில்களைக் கைமாற்றும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்திற்குள், இரண்டாம் சரிபார்ப்பு வைக்கப்படாத ஒரு நுழைவாயில் வழியாகத் திருடர்கள் புகுந்தார்கள். 2.2 கோடி டாலர் கப்பம் கட்டியும் தரவு மீளவில்லை. பாதிக்கப்பட்டோர் தொகை பத்தொன்பது கோடியைத் தாண்டியது.

பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம்? ஹிப்பா சட்டத்தின் கீழ் நோயாளி தாமாக வழக்குத் தொடர முடியாது. தெரியவந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் மத்திய சுகாதாரத் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். விதிக்கப்படும் தண்டத்தில் ஒரு பங்கை நோயாளிகளுக்குக் கொடுக்க வழி வகுக்குமாறு 2009-ஆம் ஆண்டுச் சட்டமே கட்டளையிட்டிருந்தும், அதைப் பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கவே துறைக்கு 2022 வரை பிடித்தது. மாநிலச் சட்டங்கள் சற்று இரக்கமுடையவை. கலிபோர்னியாவின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் நஷ்டத்தை நிரூபிக்காமலே ஆளுக்கு 1,000 டாலர் கேட்க இடமளிக்கிறது. ஆனால் களவுபோன குறிப்பை யாரேனும் உண்மையில் பார்த்திருக்க வேண்டும் என்று அங்குள்ள நீதிமன்றங்கள் பின்னர் வரம்பு கட்டிவிட்டன. இனிமேல் தீங்கு வரக்கூடும் என்ற அச்சம் மட்டும் நஷ்டஈட்டுக்குப் போதாது என்று 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பலர் சேர்ந்து தொடுக்கும் வழக்கில் கிடைப்பது பெரும்பாலும் சிறு தொகையும் சில ஆண்டுக் கண்காணிப்புச் சேவையுமே. உடனடியாகக் கைக்கெட்டும் காரியங்கள் இரண்டு: 2018 முதல் இலவசமாகிவிட்ட கடன் அறிக்கை முடக்கத்தை, அவ்வறிக்கைகளை வைத்திருக்கும் மூன்று நிறுவனங்களிடமும் கேட்டுப் பெறுவது, தாம் பெறாத சிகிச்சை தம் பெயரில் எழுதப்பட்டிருக்கிறதா என்று காப்புறுதி நிறுவனம் அனுப்பும் கணக்கை வரிவரியாகப் பார்ப்பது. வங்கி அட்டையை மாற்றிக்கொள்ளலாம். நோயின் வரலாற்றை மாற்றிக்கொள்ள முடியாது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பது இங்கே அப்படியே பொருந்துகிறது.

நம் நாட்டிலும் இன்று ஸ்கேன் மையமும், ஆய்வகமும், காப்புறுதி இடைநிலை நிறுவனமும் அதே வரிசையில் நிற்கின்றன. 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வெளியாரிடம் கொடுத்த தரவுக்கும் கொடுத்தவரே பொறுப்பென்று நேர்மையாகச் சொல்கிறது. 250 கோடி ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. ஆனால் அத்தண்டம் போய்ச் சேருவது இந்தியத் தொகுப்பு நிதிக்கு. முந்தைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தரும் 43-அ பிரிவை நீக்கவும் இச்சட்டம் வகை செய்கிறது. நம்பிக் கொடுத்த தகவலைப் பிறருக்கு வெளியிடுவது முறையற்ற வணிகம் என்று சொல்லும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதன்பின்னும் மிஞ்சுகிறது. ஆகவே மருத்துவமனை கொடுக்கும் ரசீதையும், தரவு வெளியானதாக வரும் கடிதத்தையும் குறுஞ்செய்தியையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் குறிப்பு யார் யாருக்குப் போகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். தண்டத்தொகையில் ஒரு பங்கு நோயாளிக்குச் சேரும்படி சட்டத்தைத் திருத்துமாறு உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள்.