திரித் துப்பாக்கி கற்பித்த பொறுமை

வேட்டை என்றவுடன் நம்மவர் நினைவு வில்லுக்கும் வேலுக்கும் செல்கிறது. அதை விட்டால், இறந்த புலியின்மேல் காலூன்றி நிற்கும் வெள்ளைத் துரைமாரின் புகைப்படங்களுக்குச் செல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டுக் காடுகளில் ஒலித்தது வேறொரு கருவி. குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு, திரியால் பற்றவைத்துச் சுடும் துப்பாக்கியே அது. டெல்லித் தேசிய அருங்காட்சியகத்திலும் ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும் உள்ள ஆயுதக் கூடங்களுக்கு நம் குழந்தைகளை அழைத்துச் செல்கிறோம். அங்கே நீண்ட குழலும் ஒடுங்கிய மரக்கட்டையுமாகக் கிடக்கும் அத்துப்பாக்கிகளின் வரலாற்றை ஓரளவு அறிந்து செல்வோமாயின், அவை வெறும் இரும்பாகத் தோன்றமாட்டா.

துப்பாக்கி என்னும் சொல்லே துருக்கி மொழியிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. பொருளும் அவ்வாறே வெளியிலிருந்து வந்ததுதான். மேற்குக் கரையில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தனர். 1526-ஆம் ஆண்டுப் பானிபட்டுப் போரில் பாபர் பயன்படுத்தினார். ஆயினும் வந்த பொருளை நம் நாட்டுக் கொல்லர் விரைவில் தமதாக்கிக் கொண்டனர். வடபுலத்தில் இதனைத் ‘தோடேதார் பந்தூக்’ என்பர். ‘தோடா’ என்பது திரி. மெல்லக் கனன்றுகொண்டேயிருக்கும் நூற்கயிற்றுத் திரி ஒன்றைக் ‘குதிரை’ எனப்படும் வளைந்த இரும்பு பற்றியிருக்கும். விசையை இழுத்தால் குதிரை தாழ்ந்து, குழலின் பக்கத்திலுள்ள சிறு கிண்ணியில் திரியின் கனலைத் தொடுவிக்கும். கிண்ணியில் இட்ட பொடி மருந்துக்குத் தமிழில் ‘ரஞ்சகம்’ என்று பெயர். ரஞ்சகம் பற்றி, நெருப்பு ஒரு நுண்துளை வழியே குழலுக்குள் ஓடி, உள்ளிருக்கும் மருந்தைக் கொளுத்தும். அப்போதுதான் வெடி.

இத்துப்பாக்கியுடன் காடு புகுந்தவன் சுமந்து சென்ற பொருள்கள் பல. கொம்பாலோ மரத்தாலோ செய்த மருந்துக்குடுவை, நுண்ணிய ரஞ்சகத்துக்கெனத் தனியாக ஒரு சிறு குடுவை, ஈயக்குண்டுகளும் பறவைக்கான ரவையும் கொண்ட பை, துளையை அடைக்கும் கரியைக் குத்தி நீக்கும் ஊசி, மருந்தை இடித்து இறுக்கும் கோல், உபரித் திரி, திரிக்கு நெருப்பெடுக்கச் சிக்கிமுக்கிக் கல் ஆகிய இத்தனையும் இல்லாமல் ஒரு வெடி இல்லை. மருந்தை அளந்து ஊற்றவேண்டும், அடைப்பை வைத்து இடிக்கவேண்டும், குண்டைத் தள்ளி மீண்டும் இடிக்கவேண்டும், பிறகே ரஞ்சகம். கைதேர்ந்தவனுக்கும் இதற்கு நேரம் பிடிக்கும். மருந்து மிகுந்தால் குழல் வெடித்துக் கையைக் கொண்டுபோகும். குறைந்தால் குண்டு வழியிலேயே வலிமை இழக்கும்.

காடோ இவனுக்காகக் காத்திராது. மழைத்துளி விழுந்தால் ரஞ்சகம் நனையும். காற்று வீசினால் பறந்துபோகும். கனலும் திரியின் வாடையை மான் தொலைவிலேயே அறியும். இரவில் அதன் செம்பொறி கண்ணுக்குப் புலப்படும். சுட்டவுடன் வெண்புகை எழுந்து எதிரே நிற்பதை மறைத்துவிடும். அடிபட்டதா, பாய வருகிறதா என்பது புகை கலைந்தால்தான் தெரியும். குழலினுள் வரி வெட்டப்படாமையால் தொலைவுக் குறி தவறும். ஆகவே வேட்டுவன் காற்றை எதிர்கொண்டு, பதுங்கி, மிக அருகே செல்லவேண்டும். அல்லது நீர்நிலையின் ஓரத்தில் பரண் அமைத்து மணிக்கணக்கில் அசையாதிருக்கவேண்டும். அவனுக்கு வாய்ப்பது ஒரே வெடி. அது தவறினால் விலங்குக்கு விடுதலை. சில வேளை வேட்டுவனுக்கு முடிவு.

இக்கருவியின் நுட்பத்தில் பேரார்வம் கொண்டவர் அக்பர். தகட்டிரும்பைச் சாய்வாகச் சுற்றி, விளிம்பின்மேல் விளிம்பு படியக் காய்ச்சி இணைத்துக் குழல் செய்யும் முறையை அபுல் பசல் தம் ஆயினி அக்பரி நூலில் விளக்கியுள்ளார். முன்னெல்லாம் குழலில் கால்பங்குக்கு மேல் மருந்திட இயலவில்லை என்றும், புதிய முறையில் செய்த குழல் வாய்வரை நிரப்பினும் வெடிப்பதில்லை என்றும் அவர் எழுதுகிறார். மாடு சுழற்றும் சக்கரத்தால் பதினாறு குழல்களை ஒருங்கே துலக்கும் பொறியும் அங்கே கூறப்படுகிறது. அரசரின் தனித் துப்பாக்கிகளில் முதலாவதன் பெயர் ‘சங்கிராம்’. அதனால் மட்டும் 1,019 விலங்குகள் வீழ்ந்தன என்று அரண்மனைக் கணக்கர் குறித்து வைத்தனர்.

அவர் மைந்தர் ஜஹாங்கீர் வேட்டைக் கணக்கில் தந்தையையும் விஞ்சினார். பன்னிரண்டாம் வயது முதல் தம் ஆட்சியின் பதினோராம் ஆண்டு வரை தம் முன்னிலையில் வீழ்ந்தவை 28,532 என்றும், அவற்றுள் தம் கையால் வீழ்ந்தவை 17,167 என்றும் தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். இவ்வளவு எழுதியவரே, ஐம்பது வயது நிறைந்தபின் எவ்வுயிருக்கும் தம் கையால் தீங்கிழைப்பதில்லை என்று நேர்ந்துகொண்டார் என்பதையும் நாம் மறத்தலாகாது. 1619-ஆம் ஆண்டு மதுரா அருகே மக்களை வருத்திய புலியொன்றைப் பற்றி முறையீடு வந்தபோது, தம் விரதத்தை எண்ணித் தாம் சுடாமல், அரசி நூர்ஜஹானைச் சுடப் பணித்தார். அவ்வம்மையார் ஒரே வெடியில் புலியை வீழ்த்தினார்.

நூர்ஜஹானின் குறித்திறன் அதற்கு முன்பே நாடறிந்தது. 1617-இல் அவர் யானைமேல் அம்பாரியில் இருந்தவாறே ஆறு வெடிகளில் நான்கு புலிகளை வீழ்த்தினார். புலி வாடை பட்ட யானை நிலைகொள்ளாது அசையும். அசையும் அம்பாரியிலிருந்து குறி தவறாது சுடுதல் மிக அரிது. தேர்ந்த வீரரும் மூன்று நான்கு முறை தவறியதுண்டு என்று ஜஹாங்கீரே வியந்து எழுதி, இலட்சம் ரூபாய் பெறுமான வைரக் கடகங்களைப் பரிசளித்தார். துப்பாக்கியை ஊன்றி நிற்கும் நூர்ஜஹானின் ஓவியத்தை அபுல் ஹசன் என்ற அரண்மனை ஓவியர் தீட்டியுள்ளார். ராம்பூர் ரஸா நூலகத்தில் உள்ள அவ்வோவியத்தைக் காணும் நம் பெண்மக்கள், வேட்டைத்துறையும் ஆண்மக்களுக்கே உரியதாய் இருந்ததில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

துப்பாக்கி அரண்மனையோடு நின்றுவிடவில்லை. பீகாரில் ‘நூனியா’ எனப்படும் மக்கள் உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுத்த வெடியுப்பு உலகச் சந்தைக்கே சென்றது. வெடியுப்புடன் கந்தகமும் கரியும் சேர்ந்தால் கருமருந்து. ஊர்க் கொல்லனால் பழுது பார்க்கத்தக்க எளிய பொறியாதலால், ஐரோப்பாவில் சிக்கிமுக்கிக் கல் பொருத்திய துப்பாக்கி பரவிய பின்னரும் நம் நாட்டார் திரியை விடவில்லை. கல்லும் தேயும், வில்லும் ஒடியும்; திரிக்கோ ஒரு முழக் கயிறு போதும்.

அடுத்த மாற்றமும் ஒரு வேட்டைக்காரரின் குறையிலிருந்தே பிறந்தது. ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் அலெக்ஸாண்டர் போர்ஸைத் பறவை வேட்டையில் விருப்புடையவர். கிண்ணியில் மருந்து மின்னியதும் குண்டு வருமுன்னே பறவை பறந்துவிடுவதைக் கண்டு, தட்டினால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு சுடும் முறையை வகுத்து 1807-இல் உரிமம் பெற்றார். அதிலிருந்து செப்புத் தொப்பி எனப்படும் ‘கேப்பு’ வந்தது. திரியும் ரஞ்சகமும் மறைந்தன. ஆயினும் குழல்வாயில் மருந்திட்டு இடிக்கும் வேலை மாறவில்லை. 1857-இல் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்த கொழுப்புத் தடவிய தோட்டாவும் இவ்வகைத் துப்பாக்கிக்கு உரியதே. தாளைப் பல்லால் கிழித்து மருந்தைக் குழல்வாயில் கொட்ட வேண்டியிருந்தமையால்தான் அக்கொழுப்பு வாயில் படும் பேச்சே எழுந்தது.

அக்கிளர்ச்சிக்குப் பின் ஆட்சியாளர் மக்களின் கையிலிருந்த ஆயுதங்களைக் களைந்தனர். 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமம் வேண்டும் என்றும், ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு என்றும் வகுத்தது. இதே காலத்தில் பின்புறம் தோட்டா இடும் விரைவுத் துப்பாக்கிகள் வந்தன. அவை துரைமாருக்கும் சமஸ்தானத்தாருக்கும் சென்றன. பயிர்காக்கும் உழவனுக்கும் காட்டோரக் குடிகளுக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கியே மிஞ்சியது. காடு எவ்வளவு விரைவில் வெறுமையாயிற்று என்பதற்கு ஒரு சான்று போதும். அக்பர் பெருந்திரளாக வளர்த்த சிவிங்கிப்புலியினத்தில், இந்நாட்டில் எஞ்சியிருந்தவை எனக் கருதப்படும் மூன்றை, 1947-இல் கொரியா சமஸ்தானத்து மன்னர் இரவில் மோட்டார் வண்டியின் விளக்கொளியில் சுட்டு வீழ்த்தினார். 1952-இல் அவ்வினம் இங்கு அற்றதென அறிவிக்கப்பட்டது. 2022-இல் நமீபியாவிலிருந்து கொணர்ந்து குனோக் காட்டில் விடவேண்டியதாயிற்று.

பழைய துப்பாக்கி கொல்லவில்லை என்று நாம் கூறவில்லை. ஜஹாங்கீரின் கணக்கே அதற்கு மறுப்பாகும். ஆயின் அரசனுக்கு ஆயிரம் ஏவலரும் ஏற்றி வைத்த துப்பாக்கிகளும் இருந்தன. தனி மனிதனுக்கோ அக்கருவி ஒரு வரம்பு கட்டியது. ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் புகழ்பெற்ற ஜிம் கார்பெட், சிறுவனாய்க் காலாதுங்கிக் காட்டில் ஏந்திய முதல் துப்பாக்கி, ஒரு குழல் பிளந்து, கட்டை பித்தளைக் கம்பியால் கட்டப்பட்ட வாய்வழித் துப்பாக்கியே. விலங்கின் தடத்தையும் பறவையின் எச்சரிக்கைக் குரலையும் அவர் கற்றது இக்காலத்தில்தான். பின்னாளில் துப்பாக்கியை விடுத்துப் படக்கருவியை ஏந்தி, 1936-இல் இமயத்தின் அடிவாரத்தில் அமைந்த இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவுக்குத் துணைநின்றார். இன்று அப்பூங்கா அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

நம் தாயகத்தில் நாட்டுத் துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வருவோர் நரிக்குறவர். அவர்கள் வீட்டில் பேசும் வாக்ரிபோலி, குஜராத்தி மராத்தி மொழிகளுக்கு உறவுடையது. தமிழர் நாம் பிழைப்புக்காக வடக்கே வந்தோம். அவர்களின் முன்னோரோ பல தலைமுறைக்கு முன் வடமேற்கிலிருந்து தெற்கே வந்தனர். ஊர் விட்டு ஊர் வந்த குடியின் அருமையை நம்மைவிட யார் அறிவர்? 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டைக் காத்தது. அது வேண்டிய சட்டமே. அவ்வாண்டுக் கணக்கில் 1,827 ஆயிருந்த புலிகள் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 3,682 ஆயின. ஆனால் விளக்கொளியில் சுட்ட மன்னருக்கு வாழ்வு குறையவில்லை; கொக்கும் காடையும் சுட்டு அன்றன்றைக்கு உண்ட நரிக்குறவருக்கோ தொழிலே போயிற்று. துப்பாக்கி போய் ஊசிமணியும் பாசிமணியுமே வாழ்வாயின. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது.

வேட்டை இனி வேண்டா. காட்டைக் காத்தல் நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆயினும் காற்றின் திசையறிந்து, தடம் படித்து, ஒரே வெடிக்காக நாள் முழுதும் காத்திருந்த அறிவு பல தலைமுறைகள் சேர்த்த செல்வம். அவ்வறிவைக் கொல்லுதற்கன்றிக் காத்தற்குப் பயன்படுத்தலாம். தடம் படிக்கத் தெரிந்தவனைக் காவலனாக்குவதே காட்டுக்கும் அவனுக்கும் செய்யும் நன்மை. அடுத்த முறை அருங்காட்சியகத்தில் அந்நீண்ட குழலைக் காணும்போது, அரசரின் பெயரோடு, பெயரறியாத கொல்லனையும் வெடியுப்புக் காய்ச்சியவனையும் பரண்மேல் விழித்திருந்தவனையும் நம் மக்களுக்கு எடுத்துக் கூறுவோமாக.