சாதி நாயும் அதன் சான்றிதழும்

வீட்டில் ஒரு நாய்க்குட்டி வளர்க்க அம்மாவிடம் சம்மதம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். ஒருவழியாக ஒத்துக்கொண்டாலும் அடுத்த கேள்வி வரும்: "சாதி நாய்தானே? சேர்ட்டிபிக்கற் இருக்கா?" பிரிட்டனில் வளரும் நாங்களும் அந்தக் காகிதத்தைப் பார்த்தவுடன் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் அந்தக் காகிதம் எதற்காக உருவானது? அதன் கதை தெரிந்தால், குட்டி வாங்கப் போகும் இடத்தில் என்ன கேட்கவேண்டும் என்பதும் தன்னாலே விளங்கும்.

1859ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் நகரில் ஒரு நாய்க் கண்காட்சி நடந்தது. முதலாவது நவீன நாய்க் கண்காட்சி என்று சொல்லப்படுவது இதுதான். பொயின்ரர், செற்றர் என்ற இரண்டு வகை வேட்டை நாய்கள் மட்டும், மொத்தம் 60. பரிசு என்ன தெரியுமா? துப்பாக்கி! ஒரு வேடிக்கையும் நடந்தது. பொயின்ரர் பிரிவின் நடுவர் ஒருவருடைய நாய் செற்றர் பிரிவில் வென்றது, செற்றர் பிரிவின் நடுவர் ஒருவருடைய நாய் பொயின்ரர் பிரிவில் வென்றது. ஆளுக்காள் உதவி.

அதுவரை ஒரு நாய் நல்ல நாயா என்பதை அது செய்யும் வேலையை வைத்துத்தான் சொன்னார்கள். ஆடு மேய்க்குமா, பறவையை மோப்பம் பிடிக்குமா, எலி பிடிக்குமா? கண்காட்சி வந்தபின் தோற்றத்துக்குப் பரிசு கிடைத்தது. காதின் நீளம், மூக்கின் வடிவம், மயிரின் நிறம் என்று பார்க்கத் தொடங்கினார்கள். பரிசு வென்ற நாயின் குட்டிக்கு விலை ஏறியது. விலை ஏறினால் ஏமாற்றும் வரும். ஒரே பெயரில் எத்தனையோ நாய்கள் இருந்தன. எது எந்த நாயின் குட்டி என்று யாருக்கும் நிச்சயமில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1873இல் சியூவாலிஸ் ஷேர்லி என்பவரும் நண்பர்களும் லண்டனில் கெனல் கிளப்பைத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே முதலாவது வம்சப் பதிவேடு வெளியானது. 4,000க்கும் மேற்பட்ட நாய்களின் விவரம் அதில் இருந்தது. உங்கள் வீட்டுக்கு வரப்போகும் சான்றிதழின் பூட்டன் அந்தப் புத்தகம்தான். தகப்பன் யார், தாய் யார் என்பதை அது சொன்னது. இந்த நாய்க்கு இதயம் நல்லதா, இடுப்பு நல்லதா என்று அது கேட்கவே இல்லை.

காலப்போக்கில் ஒவ்வோர் இனத்தின் பதிவேடும் பெரும்பாலும் மூடிய கதவாகிவிட்டது. பதிவான நாய்க்கும் பதிவான நாய்க்கும் பிறந்தால்தான் அந்த இனம். வெளியிலிருந்து புது இரத்தம் வருவது அரிது. இதன் விளைவைப் பார்க்க ஓர் இனத்தை எடுத்துக்கொள்வோம்: கவாலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல். பெரிய கண்களும் நீண்ட காதுகளுமாக மடியில் வந்து படுத்துக்கொள்ளும் சின்ன நாய்.

பழைய அரச குடும்ப ஓவியங்களில் நீண்ட மூக்குள்ள சின்ன ஸ்பானியல்களைக் காணலாம். அதே மாதிரி நாய் தேடி 1920களில் ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் இங்கிலாந்துக்கு வந்தார். ஆனால் அதற்குள் கண்காட்சி மோகம் அந்த நாய்களின் மூக்கைத் தட்டையாக்கிவிட்டிருந்தது. பழைய முகத்துடன் வரும் நாய்க்கு 25 பவுண் பரிசு என்று 1926இல் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் அறிவித்தார். 1928இல் அதற்கென்று ஒரு சங்கம் உருவானது. 1945இல் கெனல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. அடித்தளமாக இருந்தவை மிகச் சில நாய்களே. அவற்றுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்துத்தான் இன்று உலகம் முழுவதும் உள்ள கவாலியர்கள் வந்தன.

சில நாய்களிலிருந்து ஓர் இனம் வந்தால் அவற்றின் நோயும் கூடவே வரும். கவாலியருக்கு இதய வால்வு நோய் மிகச் சாதாரணம். இன்னொன்று இதைவிடக் கொடுமை. மண்டையோட்டின் பின்பக்கத்தில் மூளைக்குப் போதிய இடம் இல்லாததால், முள்ளந்தண்டு நரம்புக்குள் திரவம் நிறைந்த குழிகள் உண்டாகும். நாய்க்குத் தாங்கமுடியாத வலி. கழுத்துப் பக்கம் காற்றிலேயே சொறிந்துகொண்டிருக்கும்.

2008 ஓகஸ்ட்டில் பிபிசி இந்த நிலைமையை ஒரு ஆவணப்படமாகக் காட்டியது. அந்த நோய் இருக்கிறது என்று தெரிந்தபின்னும் பரிசு பெற்ற ஒரு நாயை இனவிருத்திக்குப் பயன்படுத்தியதும் அதில் வந்தது. அந்த நாய்க்கும் முறையான சான்றிதழ் இருந்தது! நாடே கொதித்தது. பல வருடங்களாகக் கிரஃப்ட்ஸை ஒளிபரப்பிய பிபிசி அதை நிறுத்தியது. தாய்க்கும் மகனுக்கும், அண்ணனுக்கும் தங்கைக்கும் பிறக்கும் குட்டிகளைப் பதிவதில்லை என்று கெனல் கிளப் 2009இல் விதி கொண்டுவந்தது. ஆம், அதுவரை பதிந்தார்கள்.

சரி, இப்போது குட்டி வாங்கும் இடத்துக்கு வருவோம். நல்ல பிரீடரிடம், அதாவது பொறுப்போடு இனவிருத்தி செய்பவரிடம், சான்றிதழைவிடப் பரிசோதனை முடிவுகளைத்தான் கேட்கவேண்டும். கவாலியர் என்றால் தாய் தகப்பன் இரண்டுக்கும் இதயப் பரிசோதனை எந்த வயதில் நடந்தது என்று கேளுங்கள். இந்த இதய நோய் வயது போகப் போகத்தான் தெரியவரும். ஒரு வயது நாயின் "சுத்தமான இதயம்" பெரிதாக எதையும் சொல்லாது. தாத்தா பாட்டி நாய்களின் இதயம் எப்படி இருந்தது என்பதும் முக்கியம். தலைக்கும் கழுத்துக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்துத் தரம் பிரிக்கும் திட்டம் 2012 முதல் இருக்கிறது. லாப்ரடோர் என்றால் இடுப்பு மதிப்பெண். 0 முதல் 106 வரை போகும், பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறாக, குறைந்தால்தான் நல்லது.

இரத்த உறவு எவ்வளவு நெருக்கம் என்பதைச் சதவீதமாகக் கணக்கிடவும் முடியும். மச்சானும் மச்சாளும் கலியாணம் செய்தால் பிறக்கும் பிள்ளைக்கு அந்த எண் 6.25. எங்கள் குடும்பங்களில் இதைப்பற்றிப் பேசினால் ஒரு மாமாவாவது முகத்தைத் திருப்புவார், பரவாயில்லை. அண்ணன் தங்கை நாய்களின் குட்டிக்கு 25. நல்ல பிரீடர் தன் குட்டிகளின் எண்ணைத் தயங்காமல் சொல்வார்.

தாயைப் பார்க்காமல் குட்டி வாங்கவே வேண்டாம். இதற்குப் பின்னாலும் ஒரு கவாலியர்தான் இருக்கிறது. லூசி என்ற பெண் நாயை 2013இல் வேல்ஸில் குட்டிகளைத் தொழிற்சாலைபோல உற்பத்தி செய்த ஓர் இடத்திலிருந்து மீட்டார்கள். கூண்டுக்குள்ளேயே திரும்பத் திரும்பக் குட்டி போடவைத்ததில் அதன் முள்ளந்தண்டு வளைந்து, இடுப்பும் இறுகிப்போயிருந்தது. 2016இல் லூசி இறந்தது. அதன் பெயரில் வந்த சட்டம் 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளைக் கடைக்காரரோ தரகரோ விற்க முடியாது. பிரீடரிடம் நேரே வாங்கவேண்டும், அல்லது கைவிடப்பட்ட நாய்களைப் பராமரிக்கும் நிலையத்தில் எடுக்கவேண்டும்.

மோசடிக்காரரும் சும்மா இருக்கவில்லை. ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, வேறொரு பெண் நாயைத் தாய் என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் முலைக்காம்பைப் பாருங்கள், பால் கொடுக்கும் நாயா என்று தெரியும். குட்டிகள் அதனிடம் ஓடுகின்றனவா? "வழியில் கார் தரிப்பிடத்தில் சந்திப்போம்" என்றால் போகவேண்டாம். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

நல்ல பிரீடரிடம் போனால் உங்களுக்குத்தான் நேர்முகத் தேர்வு நடக்கும். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள்? தோட்டத்துக்கு வேலி இருக்கிறதா? ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள்? என்றைக்காவது வளர்க்க முடியாமல் போனால் நாயைத் தன்னிடமே திருப்பித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவார். பெரும்பாலும் அன்றைக்குக் கையில் குட்டி இராது. அடுத்த ஈற்றுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார். அந்த நேரத்தில் அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொல்லிவைக்கலாம்.