ஒருசந்தியும் உடல் எடையும்

கிணத்துக்கடவு வட்டாரத்தில் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் நம் காதில் விழும் முறையீடு ஒன்று உண்டு. அறுபதைக் கடந்த தாய்மாரே பெரும்பாலும் அதைச் சொல்கின்றனர். முழங்கால் தேய்ந்துவிட்டது, எடை குறையாவிட்டால் மூட்டு தாங்காது என்கிறார் மருத்துவர். எடை குறைய நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்கின்றனர் சுற்றத்தார். நடப்பதற்கோ முழங்கால் இடங்கொடுப்பதில்லை. இந்தச் சுழலில் அகப்பட்டவர்களில் பலர், ‘இனி நம்மால் ஆவதில்லை’ என்று முயற்சியையே கைவிட்டு விடுகின்றனர். தனியே உடற்பயிற்சி செய்யாமல், உணவை மட்டும் ஒழுங்கு செய்து ஒருவர் இளைக்க முடியுமா? வினா மருத்துவரைச் சேர்ந்ததுபோலத் தோன்றினும் வரலாறும் இதற்கு விடை தருகிறது. அந்த வரலாற்றில் நம் கொங்கு மண்ணுக்கும் திருச்சபைக்கும் பங்கு உண்டு.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியை அறியாதார் நம்மிடையே இலர். உடல் தேறவும் மெலியவும் நம் முன்னோர் அடுக்களையையே முதலில் நோக்கினர். வள்ளுவரும் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறினை உண்ணும் அளவுக்கும் முறைக்குமே ஒதுக்கினார். உடற்பயிற்சி பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. உழுதும் சுமந்தும் நீர் இறைத்தும் வாழ்ந்த மக்களிடம் உடலை அசைக்கச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருந்திராது என்பது நம் எண்ணம்.

கிணத்துக்கடவும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் மழையையும் கிணற்றையும் நம்பி வாழ்ந்தவை. சோளமும் கம்பும் ராகியுமே அன்றாட உணவு. நெல்லுச்சோறு நோன்பிக்கும் விருந்துக்கும் உரியது. காலையில் மோரில் கரைத்த கம்மஞ்சோறு, பகலில் ராகிக்களியோ சோளச்சோறோ, உடன் கொள்ளுப் பருப்போ கீரைக் கடைசலோ. இவர்கள் குறைவாக உண்டதால் மெலிந்திருந்தனர் என்று எண்ணுவது பொருந்தாது. விளைந்த ஆண்டில் நிறையவே உண்டனர். உண்டதையெல்லாம் கிணறு வாங்கிக்கொண்டது. பொழுது புலருமுன் எருதுகளைப் பூட்டிக் கவலை இறைக்கத் தொடங்கியவர் வெயில் ஏறும்வரை அந்த இறக்கத்தில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தார். பெண்டிர் உரலில் குத்தினர், திருகையில் அரைத்தனர், தொலைவிலிருந்து குடம் சுமந்தனர். தட்டின் அளவை வேலை தீர்மானித்தது.

விளையாத ஆண்டின் நினைவும் இம்மண்ணில் ஆழப் பதிந்துள்ளது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்துக்குக் கோவை, சேலம் மாவட்டங்களும் தப்பவில்லை. அப்போது நிகழ்ந்த ஒரு வழக்காடலை இங்குச் சொல்ல வேண்டும். பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். அது தரும் ஆற்றல் 1,600 கலோரி அளவே. கல் உடைத்து மண் சுமக்கும் உடலுக்கு இது போதாது, இது மக்களை மெல்லக் கொல்லும் என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். அதே ஆண்டில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டோர் பலர். இப்படிப்பட்ட பஞ்சத்தின் வழிவந்த பாட்டிமார் பேரப்பிள்ளையின் தட்டில் இன்னொரு கரண்டி வைக்காமல் விடுவதில்லை. பருத்த உடல் செழிப்பின் அடையாளமாக மதிக்கப்பட்டதிலும் வியப்பில்லை. இதைக் கேலி செய்ய நமக்கு மனமில்லை.

பின்னர் வேலை உடலைவிட்டு மெல்ல விலகிற்று. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. நூற்பாலைகளை ஓட்டிய அதே மின்சாரம் நாளடைவில் கிணற்றடிக்கும் வந்து சேர, எருதுகள் ஓய்ந்தன. 1955இல் கோவையில் சபாபதி என்பார் உருவாக்கிய மாவாட்டும் இயந்திரம் ஆட்டுக்கல்லை வீட்டு மூலைக்கு அனுப்பிற்று. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் நீர் பொள்ளாச்சிப் பக்கம் பாய்ந்தபின் சோளக்காடுகள் பல தென்னந்தோப்புகளாயின. நோன்பிக்குரிய நெல்லுச்சோறு மூன்று வேளை உணவாயிற்று. ரேஷன் கடை அரிசி 2006இல் கிலோ இரண்டு ரூபாய்க்கும், 2008இல் ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையின்றியும் கிடைத்தது. பசியை விரட்டிய இத்திட்டத்தை நாம் நன்றியோடுதான் நினைக்கிறோம். ஆயினும் கவலை இறைத்தவரின் தட்டை நாற்காலியில் அமர்ந்திருப்பவர் பெற்றுக்கொண்டார் என்பதையும் மறைப்பதற்கில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2015–16இல் தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் மிகை எடை உடையோர். 2019–21இல் அது 40.4 விழுக்காடாக உயர்ந்தது. இடைவெளி ஐந்தே ஆண்டுகள்.

தட்டின் அளவை வேலை தீர்மானிக்காத இடத்தில் வேறொன்று தீர்மானிக்க வேண்டும். திருச்சபை நெடுங்காலமாக அதற்கு ஒரு வழி வைத்திருந்தது. ஒருசந்தி, சுத்தபோசனம் என்ற சொற்கள் நம் இளைஞருக்கு இன்று அந்நியமாகிவிட்டன. ஒருசந்தி என்றால் நாளில் ஒரே ஒரு முழு உணவு. 1917ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு காலையிலும் மாலையிலும் சிறிதளவு உண்ண இசைவளித்தது. 21 வயது நிறைந்தவர் முதல் அறுபதாம் ஆண்டு தொடங்கும்வரை, ஞாயிறு நீங்கலாகத் தவக்காலம் முழுவதும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது சட்டம். நாட்டுக்கு நாடு சலுகைகளும் இருந்தன. 1966 பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் (நாம் ஆறாம் சின்னப்பர் என்று அழைத்துவந்தவர்) பொதுச் சட்டத்தில் ஒருசந்தியைத் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாள்களாகச் சுருக்கினார். மற்ற நாள்களில் தவத்தை அவரவர் மனச்சான்றுக்கும் பிறரன்புப் பணிக்கும் விட்டார். நோக்கம் உயர்ந்தது. நடைமுறையில், ஆண்டுக்கு நாற்பது நாள் அளவறிந்து உண்ணும் பழக்கம் நம் குடும்பங்களிலிருந்து நழுவிப்போயிற்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் தோமையார் கிறிஸ்தவர்கள் ஐம்பது நோன்பும் இருபத்தைந்து நோன்பும் காப்பதை நம்மவர் இன்று வியப்போடு பார்க்கின்றனர்.

இங்கு ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நோன்பின் பயன் மூன்று என்கிறார் புனித தாமஸ் அக்குவினாஸ்: இச்சையை அடக்கல், மனத்தை இறைவன்பால் எழுப்பல், பாவத்துக்குப் பரிகாரம் தேடல். உடல் இளைப்பது அம்மூன்றில் இல்லை. அழகுக்காகப் பட்டினி கிடப்பதை நோன்பு என்று அழைக்கவும் கூடாது. எனினும் அளவான உணவு உடலுக்கு என்ன செய்யும் என்பதை அறிய விரும்பிய இறையியலார் நம்மிடையே இருந்தனர். லூவேன் நகரில் கற்பித்த இயேசு சபைக் குரு லெயோனார்டு லெசியுஸ் அவர்களுள் ஒருவர். நீதி பற்றிய பெருநூலை 1605இல் எழுதிய இவர், 1613இல் உணவு ஒழுங்கைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டு, அதனுடன் வெனிஸ் நாட்டுப் பிரபு லூயிஜி கொர்னாரோவின் நூலையும் இலத்தீனில் பெயர்த்துச் சேர்த்தார். கொர்னாரோ இளமையில் உண்டும் குடித்தும் உடலைக் கெடுத்துக்கொண்டவர். நாற்பதை நெருங்கும் முன்பே மருத்துவர்கள் கைவிரித்தனர். நாளுக்கு 12 அவுன்ஸ் உணவு, 14 அவுன்ஸ் திராட்சை இரசம் என்று தமக்குத் தாமே அளவு வகுத்துக்கொண்டு தேறினார். தொண்ணூறு தாண்டி வாழ்ந்ததாகச் சொல்லிக்கொண்டார். அவர் சொன்ன வயதில் ஆய்வாளர்க்கு ஐயம் உண்டு; முதுமைவரை நலமாக வாழ்ந்ததில் ஐயமில்லை. லெசியுஸ் தந்த உரைகல்லோ எடைக்கல் இல்லாமலே பயன்படுவது: உண்டபின் செபிக்கவும் படிக்கவும் இயலாதபடி மனம் மந்தமாகுமானால் அளவு மீறிவிட்டது என்று கொள்க. ஞாயிறு மதியப் பிரியாணிக்குப் பின் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். குருக்கள் இல்லத்து மேசைக்கும் இது பொருந்தும்.

கொர்னாரோ நோய் தீரவே அளவு வகுத்தார். எடையைக் குறைக்கவே உணவை மாற்றி, அதை எண்களோடு எழுதிவைத்தவர்களில் பெயர் பெற்றவர் இலண்டன் மாநகரின் வில்லியம் பாண்டிங். இறுதிச் சடங்குகளை நடத்தித்தரும் தொழில் அவருடையது; வெல்லிங்டன் பிரபுவின் அடக்கச் சடங்கும் அந்தக் குடும்ப நிறுவனத்தின் பொறுப்பில் நடந்ததே. ஐந்தடி ஐந்தங்குல உயரமுடைய இவர் 1862இல் 202 பவுண்டு, அதாவது 92 கிலோ எடையுடன் இருந்தார். குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட இயலாது. மூட்டு வலிக்கு அஞ்சி மாடிப்படிகளில் பின்புறமாக இறங்குவார். நம் ஊர்த் தாய்மாரின் நிலையேதான். முன்னர் ஒரு மருத்துவரின் சொற்கேட்டு நாள்தோறும் அதிகாலையில் இரண்டு மணி நேரம் படகு வலித்தார். தசை வலுத்தது, கூடவே பசியும் வலுத்தது. பசிக்கு உண்டதால் எடை கூடிற்று. கடைசியில் காது மந்தமானதைக் காட்டச் சென்ற இடத்தில் வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர், ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். ஓராண்டில் 46 பவுண்டு, ஏறத்தாழ 21 கிலோ குறைந்தது. அதை 1863இல் தம் செலவிலேயே சிறு நூலாக அச்சிட்டார் பாண்டிங். அவரது உணவுப் பட்டியலில் மதுவும் இடம்பெற்றிருந்தது. அதை மட்டும் நம் அன்பர்கள் பின்பற்ற வேண்டாம். சுவீடன் மொழியில் உணவைக் குறைத்து இளைப்பதற்கு இன்றும் அவர் பெயரால் அமைந்த வினைச்சொல்லே வழங்குகிறது. அவர் 1878இல் மறைந்தார். நம் மண்ணில் ஒரு பவுண்டு தானியத்துக்கு மக்கள் கல் உடைத்த அதே ஆண்டுகளில், இலண்டனில் கொழுத்தவர்கள் அவருடைய நூலைப் படித்துக்கொண்டிருந்தனர்.

2010களின் நடுவில் நியாண்டர் செல்வனின் நூல் வழியாகத் தமிழகத்தில் பரவிய பேலியோ உணவுமுறையும் பாண்டிங் காட்டிய வழியை ஒட்டியதே. அரிசியையும் சர்க்கரையையும் அறவே விலக்கி முட்டை, இறைச்சி, கொழுப்பு என்று உண்பது அது. பலர் இளைத்தனர். ஆனால் நாட்கூலிக் குடும்பத்தின் பணப்பை அதைத் தாங்குமா என்பது நம் ஐயம்.

படகு பாண்டிங்கை ஏமாற்றியதன் காரணத்தை இன்று கணக்கிட்டே காட்டலாம். ஒரு மணி நேரம் இயல்பாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ 200 முதல் 250 கலோரி. 100 கிராம் அரிசியில் உள்ளது 350 கலோரி. ஒரு மணி நேர நடையை ஒரு கைப்பிடி அரிசிச்சோறு ஈடுசெய்துவிடும். தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களை ஹெர்மன் பொன்ட்சர் குழுவினர் ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. நாளெல்லாம் நடக்கும் அம்மக்களின் மொத்த ஆற்றல் செலவு, உடல் அளவைக் கருத்தில் கொண்டால், நகரத்தில் அமர்ந்து பணிபுரிபவரின் செலவிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை.

2017இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு ஒன்று நம் வினாவுக்கு நேராகவே விடை தருகிறது. சர்க்கரை நோயாளர் 306 பேரில் பாதிப்பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி தரும் நீருணவு, மருத்துவக் கண்காணிப்பில் அளிக்கப்பட்டது. அந்த மாதங்களில் கூடுதலாக உடற்பயிற்சி செய்யும்படி அவர்களிடம் கேட்கப்படவில்லை. ஓராண்டின் முடிவில் அவர்களுள் 46 விழுக்காட்டினருக்கு மருந்தின்றியே சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. 15 கிலோவுக்கு மேல் இளைத்தவர்களில் அது 86 விழுக்காடு. இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. பழைய தட்டு திரும்பினால் பழைய எடையும் திரும்பும். நடை பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. இதயத்துக்கும், குறைந்த எடையை நிலைநிறுத்தவும் அது வேண்டும். நடக்க இயலாதவருக்கு வாயில் அடைபட்டுவிடவில்லை என்பதே நாம் சொல்ல வருவது.

நம் அடுக்களையில் இது எப்படி அமையும்? நாளொன்றுக்குச் சமைக்கும் அரிசியில் ஒருவருக்கு 100 கிராம் குறைத்து, நான்கு வேளைக் காப்பியில் இடும் இரண்டிரண்டு கரண்டிச் சர்க்கரையையும் விட்டால் ஏறத்தாழ 500 கலோரி குறையும். ஒரு கிலோ கொழுப்பில் 7,700 கலோரி அடங்கியுள்ளது என்பதால், தொடக்கத்தில் மாதம் இரண்டு கிலோ குறைய வாய்ப்புண்டு; பின்னர் வேகம் தணியும். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்பர். அப்படியொரு மந்திரம் அதில் இல்லை. 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உள்ளதால் வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும், அதனால் அடுத்த கரண்டிக்குக் கை நீளாது. கம்பும் ராகியும் அரிசியைவிடக் கலோரியில் பெரிதும் குறைந்தவை அல்ல. நார் மிகுந்திருப்பதால் மெல்லச் செரிக்கும், அவ்வளவே. சிறுதானியமென்று சொல்லி மூன்று தட்டுக் களி உண்டால் எடை இறங்காது.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர், மருத்துவரைக் கேளாமல் ஒருசந்தி பிடிக்கலாகாது. மருந்து உள்ளே போய் உணவு போகாவிட்டால் இரத்தச் சர்க்கரை அபாயமாகச் சரியும். அறுபதாம் ஆண்டைத் தொட்டவரையும் நோயுற்றோரையும் திருச்சபைச் சட்டமே ஒருசந்தியிலிருந்து விடுவிக்கிறது. முதியோர் திடீரெனப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். ஆகையால் பருப்பு, முட்டை, மோர் ஆகியவற்றைக் குறைக்காமல் சோற்றைக் குறைப்பதே அவர்களுக்கு ஏற்றது. லெசியுஸ் தம் நூலில் இவர்களையும் நினைத்திருக்கிறார். அளவு மீறி உண்டு பழகியவர் ஒரே நாளில் பாதியாக்க வேண்டாம், உடல் உணராதபடி சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. முதல் வாரம் இரவுச் சோற்றில் ஒரு கரண்டி குறையட்டும். அது பழகியபின் பகல் சோற்றில் ஒரு கரண்டி.